நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு கிராம்

என் சித்தப்பா வீட்டில் ஒரே ஒரு எண்ணுக்குத் தடை உண்டு. நாற்பத்தொன்பது சொல்லலாம். ஐம்பத்தொன்று சொல்லலாம். நடுவில் இருப்பதைச் சொன்னால் மனிதர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். சித்திக்கு அந்த வயது நடந்தபோது, யார் கேட்டாலும் "நாப்பத்தொம்பது முடிஞ்சிடுச்சு" என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டினாளாம். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இரண்டு வாரம் தங்கிப் போகலாம் என்று அவர்கள் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்த நான், வாசலில் பையை இறக்கும்போதே "பஸ் அம்பது நிமிஷம் லேட்டு சித்தப்பா" என்று சொல்லித் தொலைத்தேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

காரணத்தைச் சித்தி சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவள் குரலைத் தாழ்த்தியதற்கு அர்த்தமே இல்லை. ஊருக்கே தெரிந்த கதை.

சித்தப்பா முத்திரை ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, இல்லாவிட்டால் பறிமுதல் செய்வது அவர் வேலை. வெல்வெட் துணி விரித்த மரப்பெட்டியில் அரசாங்க எடைக்கற்களை வைத்திருப்பார். விரல் பட்டால் வியர்வை ஒட்டி எடை கூடிவிடும் என்று அவற்றை இடுக்கியால்தான் எடுப்பார். லஞ்சம் வாங்குகிற அதிகாரியைக் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. வாங்காதவரை அடியோடு பிடிக்காது. இவர் வாங்காததோடு நிற்காமல், ஏன் வாங்கவில்லை என்று அரைமணி நேரம் விளக்கமும் சொல்வார்.

'சுமார்', 'ஏறக்குறைய', 'வச்சுக்கலாம்' ஆகிய மூன்று சொற்களும் அவருக்கு ஆகாது. "ஒரு கிலோன்னு வச்சுக்கலாம்னு ஒருத்தன் சொன்னா, அவன் எங்கயோ எதையோ வச்சிருக்கான்னு அர்த்தம்" என்பார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, பழைய மார்க்கெட்டில் இருந்த ஒரு தானியக் கடையைப் பற்றிப் பெண்கள் புகார் எழுதினார்கள். எந்தச் சரக்கை வாங்கினாலும் கிலோவுக்குச் சரியாக ஐம்பது கிராம் குறைகிறது என்று புகார். சித்தப்பா போனார். தராசு முள் நேராக நின்றது. எடைக்கற்கள் சரியாக இருந்தன. மூன்று மணி நேரம் தேடினார். மூட்டைகளைக் கவிழ்த்தார், மேசையைத் தலைகீழாகப் போட்டார், கடைக்காரரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி உதறிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைக்காரருக்கு மேலிடத்தில் ஆள் இருந்தார். துறையிலிருந்து உத்தரவு வந்தது: மன்னிப்புக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கொடுக்க வேண்டும்.

கொடுத்தார். கடைக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார், நீங்களே படிச்சுடுங்களேன்" என்றார். சனிக்கிழமைக் கூட்டம். சித்தப்பா படித்து முடித்ததும் வரிசையிலிருந்து யாரோ கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் சார், அந்த அம்பது கிராம் கிடைச்சுதா, இல்லையா?"

அன்றோடு சித்தப்பாவின் சொந்தப் பெயர் போயிற்று. ஊர் அவரை 'அம்பது கிராம்' என்று கூப்பிட ஆரம்பித்தது. துறை அவரைக் கோப்பு அறைக்கு அனுப்பிவிட்டது. ஓய்வு பெறும்வரை பதினான்கு வருடம் அவர் ஒரு தராசையும் தொடவில்லை. கடைக்காரரோ அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டினார். மார்க்கெட்டை இடித்து, கடை பெரிய தெருவுக்கு மாறி, மகன் காலத்தில் குளிர்சாதன வசதியோடு சூப்பர் மார்க்கெட் ஆன பிறகும் கடிதம் கூடவே போனது. சித்தி அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. உப்பு வாங்க மூன்று தெரு நடப்பாள்.

இந்த மனிதர் கையில் மெட்டல் டிடெக்டரைக் கொடுத்தது நான்தான். ஒரு கடற்கரை விடுதியில் அறை துடைக்கும் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்தவள் ஊர் மாறிப் போகையில் என் தலையில் கட்டிவிட்டுப் போன மெஷின் அது. மூன்று நாட்டு எல்லைகளில் அதைப் பிரித்துக் காட்டி, இது துப்பாக்கி இல்லை என்று கெஞ்சி அலுத்திருந்தேன். சித்தப்பா பொழுது போகாமல் வீட்டுச் சாமான்களை எடை போட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையில் கட்டினேன்.

விளக்கப் புத்தகத்தை நான்கு முறை படித்தார். பிறகு பழைய மார்க்கெட் இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இப்போது தகர வேலிக்குள் வெறும் மைதானம்தான் இருந்தது. பஸ் நிலையம் வரப்போகிறது என்ற பலகை துருப்பிடித்து நின்றது. ஏன் அந்த இடம் என்று நான் கேட்கவில்லை. எந்தத் திருடனும் வேலியைத் தாண்டிப் போகும் அந்த இடத்துக்கு, இவர் நகராட்சிப் பொறியாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, முத்திரையிட்ட கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். தினமும் காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தாலாட்டுவதுபோல மெஷினை ஆட்டியபடி நடப்பார். சோடா மூடி, ஆணி, ஜிப் முனை, வளைந்த கரண்டி. கிடைத்த ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டு வந்து கழுவி, எடை போட்டு, நோட்டில் எழுதி, சித்தியின் காலி பாட்டில்களில் போட்டு மூடினார்.

"குப்பைக்காரன்கூட குப்பையை எடுத்துட்டுத்தான் போவான். இவர் கொண்டாந்து கொட்டுறார்" என்றாள் சித்தி.

இரண்டு வாரத்துக்கென்று வந்த நான் மூன்றாவது மாதமாகத் தங்கியிருந்தபோது அது கிடைத்தது. மைதானத்தின் கிழக்கு ஓரம், பழைய சாக்கடை போன தடத்தில் ஒரு முழ ஆழத்தில். பெரிய நெல்லிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு பித்தளைத் துண்டு. வளைந்த பக்கத்தில் எட்டு இதழ்ப் பூ. தட்டையான பக்கத்தில் ஏதோ சாம்பல் நிற உலோகம் நிரப்பியிருந்தது. அதிலிருந்து துருப்பிடித்த இரும்புக் கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அளவைப் பார்த்தால் கையில் இத்தனை கனக்கக் கூடாது.

சித்தப்பா இடுக்கியால் அதைத் தன் மின்தராசில் வைத்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பதினோரு முறை.

"நாப்பத்தொம்பது புள்ளி ரெண்டு" என்றார்.

சித்தி காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அம்பதுன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

கத்தி பலகையில் படும் சத்தம் நின்றது. சித்தப்பா அவளைப் பார்த்தார். "நாப்பத்தொம்பது புள்ளி ரெண்டுன்னா நாப்பத்தொம்பது புள்ளி ரெண்டு. மீதியை நீ போடுறியா?"

"நான் எதுக்குப் போடுறேன்? வாங்கறப்ப குறைஞ்சா கேப்பேன், அவ்வளவுதான்."

அது என்ன என்று கண்டுபிடிக்கும் வேலை தொடங்கியது. நானும் கூடப் போனேன். பூட்டு ரிப்பேர்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய பூட்டின் உள்பாகம் என்றார். குழாய் வேலை செய்பவர் தண்ணீர்த் தொட்டி மிதவையின் அடி என்றார். பேண்டு வாசிப்பவர் ஏதோ தாளக் கருவியின் குமிழ் என்று சொல்லி, ஸ்பூனால் தட்டிக் காட்டினார். அது 'டொக்' என்றது. பல் டாக்டர் மட்டும் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார், ஆனால் சித்தப்பாவின் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது என்றார். இணையத்தில் இதற்கென்றே பதினோராயிரம் பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. நான் படம் எடுத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் அறுபது பதில்கள் வந்தன. குதிரைச் சேணத்தின் பகுதி, மீன் வலையின் குண்டு, வேற்றுக் கிரகத்துக்காரர் விட்டுச் சென்றது, 'என் தாத்தாவிடம் இதேபோல் ஒன்று இருந்தது, அது என்னவென்று அவருக்கும் தெரியாது'. ஒரே ஒருவர் மட்டும், 'மேசை டிராயரின் கைப்பிடிக் குமிழ் மாதிரி இருக்கிறதே' என்று கேட்டிருந்தார். மற்ற எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டியிருந்தார்கள்.

சித்தப்பா யாரையும் ஏற்கவில்லை. எடை போடத் தெரிந்தவனுக்கு எல்லாம் எடையாகத்தான் தெரியும். ஒரு வாரம் கணக்குப் போட்டார். இந்தக் காலத்து எடைக்கல் எதுவும் நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு கிடையாது. ஆகவே இது இந்தக் காலத்துப் பொருள் இல்லை. அந்தக் காலத்தில் தங்கம் நிறுத்த குன்றிமணி ஒன்று சராசரி புள்ளி ஒன்று இரண்டு கிராம். வகுத்தால் மிகச் சரியாக நானூற்றுப் பத்து. "மீதியே வரலம்மா! மீதியே வரல!" என்று மாடி ஏறி வந்து என்னை எழுப்பிச் சொன்னார். பழங்காலத்து நகை வணிகர்கள் கொக்கியில் தொங்கவிட்ட எடைக்கல் அது என்று முடிவாயிற்று.

ஊர் வரலாற்று மன்றத்துக்கு இதைவிட நல்ல சேதி இருக்க முடியாது. மன்றத்தில் மொத்தம் ஏழு பேர். நூலக முன்கூடத்தில் காட்சிக்கு வைக்க அழகான கண்ணாடிப் பெட்டி ஒன்று அவர்களுக்கு நன்கொடையாக வந்திருந்தது. பெட்டி வந்து இரண்டு வருடம் ஆகியும் உள்ளே வைக்கத்தான் வரலாறு கிடைக்கவில்லை. பெட்டியின் அடியில் 'அன்பளிப்பு' என்று கொட்டை எழுத்தில் சூப்பர் மார்க்கெட்டின் பெயர் மட்டும் இருந்தது. ஊரை ஐம்பது ஐம்பது கிராமாகச் சுரண்டிய அதே குடும்பம்.

மன்றக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான மன்றத் தலைவர் பூ இதழ்களை உருப்பெருக்கியால் பார்த்து, "முன்னூறு வருஷம் இருக்கும்" என்றார். தேநீர் வந்தபோது அது அறுநூறு ஆயிற்று. தீர்மானம் எழுதும்போது 'தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத' என்று எழுதினார்கள். இன்னொரு பிஸ்கட் பாக்கெட் பிரித்திருந்தால் கற்காலத்துக்கே போயிருப்போம்.

"அதென்ன நானூத்திப் பத்து? நானூறுன்னா முழுசா இருக்கும்" என்று நான் கேட்டேன்.

செயலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பத்து கொசுறும்மா. அந்தக் காலத்து வியாபாரிங்க வாங்குறவங்களுக்குக் கூடப் போட்டுக் கொடுத்திருக்காங்க. இந்தக் காலம் மாதிரியா?"

முன்னோர்களின் பெருந்தன்மைக்குச் சான்றாக அந்தப் பித்தளைத் துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் போவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. சித்தப்பா நாற்பது பக்க ஆய்வுரை எழுதினார். மன்றம் அதை அச்சடித்தது. பதினோராம் பக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு அடியில் இரட்டைக் கோடு: 'இதன் எடை மிகச் சரியாக 49.2 கிராம். இதை முழு எண்ணாகக் கொள்வது மோசடிக்கு ஒப்பாகும்.'

பெட்டியில் வைக்கும் அட்டையை அச்சகத்திலிருந்து வாங்கி வந்து என்னிடம் காட்டினார். 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர், அதன் கீழே 'முத்திரை ஆய்வாளர் (ஓய்வு)'. பெயர்மேல் விரலை வைத்துத் தடவினார்.

"இனிமே என்னை எப்படிக் கூப்பிடுவானுங்கன்னு பாரு. நூலகத்துக்கு வர்ற ஒவ்வொருத்தனும் இதைப் படிச்சாகணும். எழுத்துக் கூட்டியாவது படிச்சாகணும்."

இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது இந்த ஒரு அட்டைக்குத்தான். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழாவுக்கு முதல் நாள் மதியம் ஒரு சிக்கல் வந்தது. கண்ணாடிப் பெட்டியின் சாவியை நன்கொடை கொடுத்தவர்களே வைத்திருந்தார்கள். செயலாளருக்கு இடுப்புவலி. சாவியை நானே வாங்கி வருகிறேன் என்று சித்தப்பா சொன்னபோது சித்தியின் கையிலிருந்த கரண்டி நழுவியது. பித்தளைத் துண்டைப் பஞ்சில் சுற்றிக் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டார். காட்டிவிட்டு வரத்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் கூடக் கிளம்பினேன்.

சூப்பர் மார்க்கெட்டில் கடிதம் கல்லாவுக்கு மேலேயே இருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் மை பழுப்பாகியிருந்தது. கையெழுத்து மட்டும் இன்னும் நேராக நின்றது. காய்கறி எடை போடும் மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலியில் பழைய கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வயது எண்பதுக்கு மேல். யார் வந்தாலும் கும்பிடுவார், யாரையும் அடையாளம் தெரியாது என்று ஊரில் பேச்சு. மகன் சாவியை எடுக்க உள்ளே போனார்.

சித்தப்பா கைப்பெட்டியைத் திறந்தார். "ஐயா, இதைப் பாருங்க. தொள்ளாயிரம் வருஷம்."

பெரியவர் அதை வாங்கினார். கண்ணால் பார்க்கவே இல்லை. கட்டை விரல் பூ இதழைத் தடவி, திரும்பி, கொக்கியைத் தேடிப் பிடித்தது. மெஷினின் எவர்சில்வர் தட்டு விளிம்பைத் தொட்டார். அவ்வளவுதான் நான் பார்த்தேன். அடுத்த கணம் கை காலியாக இருந்தது. துண்டு தட்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துணியால் தட்டைத் துடைப்பதுபோல ஒரு இழு. துண்டு மறுபடி உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. எண்பது வயதுக் கை அது. டீ டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிற கை.

"கொக்கி நுனி போயிடுச்சே" என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து, "சாக்கடையிலேயா கிடந்துச்சு?" என்று கேட்டார்.

சித்தப்பாவின் முகத்திலிருந்து தொள்ளாயிரம் வருடங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போவதை நான் பார்த்தேன்.

சாவியோடு வந்த மகன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார். அவர் பதறவில்லை. வியாபாரக் குடும்பம். எங்களை ஓரமாக அழைத்துப் போய், இரண்டு பேருக்கும் குளிர்பானம் வரவழைத்தார்.

"சார், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு விழா. பெட்டி எங்களுது, உள்ள இருக்கிற பேரு உங்களுது. தொள்ளாயிரம் வருஷமாவே இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கடிதத்தையும் நான் கழட்டிடறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"உண்மையைச் சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"சொல்லலாமே. டிராயர் குமிழைப் பார்த்து நாப்பது பக்கம் எழுதினவருன்னு சிரிப்பாங்க. இப்பவாவது ஒரு பேருதான் இருக்கு சாருக்கு."

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா துண்டைத் தராசில் வைத்தார். 49.2. அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அட்டை பக்கத்தில் இருந்தது. நடந்ததை நான் சித்தியிடம் சொன்னேன். சித்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"என்னங்க, இருபத்திரண்டு வருஷம் நான் உப்புக்கு மூணு தெரு நடந்திருக்கேன். நாளைக்கு நீங்க எது சொன்னாலும் எனக்குச் சம்மதம். ஆனா இப்ப என் எதிரே ஒரு தடவ அந்த எண்ணைச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். எழுந்து போய் முகம் கழுவினார்.

மறுநாள் நூலக முன்கூடம் நிறைந்திருந்தது. இலவசமாகக் குளிர்பானம் தருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் வரிசையில் மகனும் பெரியவரும். எல்லார் கையிலும் ஆய்வுரை, விசிறிக்கொள்ள வசதியாக. தலைவர் முன்னோர்களின் நேர்மையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பிறகு சித்தப்பா எழுந்தார். ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டினார்.

"இது எடைக்கல்தான். அது தப்பில்ல. ஆனா தொள்ளாயிரம் வருஷம் இல்ல, இருபத்திரண்டு வருஷம். பழைய மார்க்கெட் தானியக் கடைத் தராசுல, சரக்குத் தட்டுக்கு அடியில தொங்கினது. டிராயர் குமிழுக்குள்ள ஈயம் ஊத்திச் செஞ்சிருக்காங்க. இதைக் கண்டுபிடிக்க முடியலன்னு நான் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். கண்டுபிடிச்சதுக்கு அப்புறமும் என்னன்னு தெரியாம நாப்பது பக்கம் எழுதினேன். ரெண்டுக்கும் நான்தான் பொறுப்பு." மூச்சு வாங்கினார். "இதன் எடை ஐம்பது கிராம்."

முன்கூடத்தில் விசிறல் நின்றது. பின்வரிசையில் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகன் எழுந்தார். முகத்தில் புன்னகை. கையில் ஆய்வுரை.

"சார் பெரியவரு, நான் மறுத்துப் பேசக் கூடாது. ஆனா பதினோராம் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க எல்லாரும். 'மிகச் சரியாக நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு கிராம். இதை முழு எண்ணாகக் கொள்வது மோசடிக்கு ஒப்பாகும்.' ரெட்டைக் கோடு வேற போட்டிருக்காரு. இப்ப யாரு சார் மோசடி பண்றது?"

சிரிப்பு கிளம்பியது. பின்னாலிருந்து ஒருவன், "அம்பது கிராமுக்கே எடை குறைஞ்சிடுச்சுப்பா!" என்றான். கூடம் அதிர்ந்தது. சித்தப்பா ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நின்றார். அவரே எழுதிய வாக்கியம். அதை மறுக்க அவரால் ஆகாது. அதில் தப்பும் இல்லை.

அப்போதுதான் பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நுனி உடைஞ்சிருக்குடா. அதான் குறையுது. முழுசா அம்பது."

"அப்பா, உக்காருங்க."

"நீ உக்காரு. எடையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? பொத்தானை அமுக்குறவன் நீ. நான் ஊத்தினா அம்பதுன்னா அம்பதுதான். ஒரு குன்றிமணி கூடாது, குறையாது. என் எடையைத் தப்புன்னு எவன் சொன்னது?"

அறுபது வருட வியாபாரத்தில் அவரை யாராவது திருடன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். எடை தப்பு என்று சொன்னது பொறுக்கவில்லை.

சித்தப்பா ஒலிபெருக்கியை மறந்துவிட்டு மேடையின் ஓரத்துக்கு வந்தார். "தராசு சும்மா இருக்கறப்ப அந்தத் தட்டு கீழ இறங்கியிருக்குமே? எப்படி மறைச்சீங்க?"

"எதிர்த்தட்டுல எடைக்கல்லை எடுக்கவே மாட்டேன். கல்லு வச்ச பக்கம் இறங்கித்தானே நிக்கும்? எவனுக்குச் சந்தேகம் வரும்?"

"நான் வந்த அன்னிக்கு?"

"பக்கத்துக் கடைக்காரன் இருமினான். அதான் சைகை. துடைச்சு, சன்னல் வழியா சாக்கடைக்கு வீசினேன். நீங்க என் சட்டையை உதறினீங்க. நல்லாத்தான் தேடினீங்க. அந்த மாதிரி எவனும் தேடினதில்ல."

"துணியால துடைச்சதைப் பார்த்தேன்" என்றார் சித்தப்பா. "சுத்தமான மனுஷன்னு நெனச்சேன்."

நூற்றுக்கு மேற்பட்டோர் பார்க்க, இரண்டு கிழவர்களும் சகாக்களைப்போலப் பேசிக்கொண்டார்கள். துறையில் முப்பது வருடம் இருந்தும் சித்தப்பாவுக்கு அப்படி ஒருவர் கிடைத்ததில்லை. பிறகு மகனும் இரண்டு கடை ஆட்களும் பெரியவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனார்கள். "அப்பாவுக்கு நினைவு சரியில்ல, எல்லாருக்கும் தெரியும்" என்று மகன் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். தலைவர் விழா இனிதே நிறைவுற்றது என்றார். குளிர்பானம் வரவில்லை. ஊருக்கு அதில்தான் வருத்தம்.

கண்ணாடிப் பெட்டி இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. பூட்டியிருக்கிறது, சாவி சூப்பர் மார்க்கெட்டில். கடிதம் ஒரு வாரத்தில் சுவரிலிருந்து மறைந்தது. அதே ஆணியில் விலைப்பட்டியல் தொங்குகிறது. சித்தி அதைப் பார்ப்பதற்கென்றே ஒருநாள் உள்ளே போய், உப்பு வாங்காமல் திரும்பி வந்தாள். ஊரில் பாதிப் பேர் பெரியவர் சொன்னதை நம்புகிறார்கள், பாதிப் பேர் நினைவு தப்பியவர் பேச்சு என்கிறார்கள். இரண்டு பாதியும் சித்தப்பாவை 'அம்பது கிராம்' என்றேதான் கூப்பிடுகின்றன. ஒரே மாற்றம், அவர் இப்போது திரும்பிப் பார்த்து "என்ன?" என்று கேட்கிறார்.

ஆனால் விஷயத்தை அத்தோடு விட அவரால் முடியுமா? துண்டின் படம், நடந்தவற்றின் விவரம், மன்னிப்புக் கடிதத்தை ரத்து செய்யக் கோரும் விண்ணப்பம் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் துறைக்கு அனுப்பினார். இரண்டு மாதத்தில் நான்கு வரிப் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் பொருளின் எடை, புகாரில் கண்ட எடையுடன் பொருந்தவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.' அதை எழுதிய ஆள் யார் என்று தெரியவில்லை. சித்தப்பாவிடம் வேலை கற்றவராகத்தான் இருக்க வேண்டும். சித்தப்பாவும் கடிதத்தைப் படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

குறைவது புள்ளி எட்டு கிராம். உடைந்த கொக்கி நுனி. அது எங்கோ அந்தச் சாக்கடைத் தடத்தில்தான் கிடக்கிறது. பஸ் நிலைய வேலை தொடங்குவதற்குள் எடுத்தாக வேண்டும். பொறியாளரின் அனுமதிக் கடிதத்தைப் புதுப்பித்துக்கொண்டு, தினமும் காலையில் மறுபடி ஹெட்போனோடு கிளம்பிவிடுகிறார்.

நான் ஊரை விட்டுக் கிளம்புகிற காலையில், பஸ்ஸுக்குப் போகும் வழியில் விடைபெற மைதானத்துக்குப் போனேன். சித்தி டிபன் டப்பாவோடு கூட வந்தாள். சித்தப்பா மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் கைக்குட்டை விரித்து, அதன்மேல் மின்தராசு. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

இடுக்கியில் ஒரு சின்னத் துருப்பிடித்த வளைவு. குமிழின் உடைந்த கொக்கியோடு சேர்த்துக் காட்டினார். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"கிடைச்சிடுச்சா சித்தப்பா!"

"எங்க கிடைச்சுது? புள்ளி ஏழுதான் இருக்கு. சேர்த்தா நாப்பத்தொம்பது புள்ளி ஒம்பது."

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி வானத்தைப் பார்த்தாள்.

"உடைஞ்ச இடம் அப்படியே பொருந்துதே. துரு தின்னிருக்கும். அம்பதுன்னு வச்சுக்கலாமே" என்றேன்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தத் தானியக் கடைக்காரரை எப்படிப் பார்த்திருப்பாரோ, அப்படிப் பார்த்தார். பிறகு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப அந்தத் துரு எங்க போச்சு? அதையும் தேடணும்ல?"